எம்2-க்கு பின் டயர் மாத்தணும், ஓட்டம் பாக்கறதா கிரிப் பாக்கறதா? (கோத்தகிரி – மேட்டுப்பாளையம் ரோடு)

கோத்தகிரி_பனி:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் வீடு, வேலை கோயமுத்தூர்ல. வாரக் கடைசில மேல வந்துட்டு திங்கக்கிழமை விடியக்காலைல இறங்கிடுவேன். போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பி.எம்.டபிள்யூ எம்2 காம்பெடிஷன் எடுத்தேன், 2018 வண்டி, 410 ஹெச்.பி., ரியர் வீல் டிரைவ். அப்பா இன்னும் அதுல ஏறி உக்காரல, பச்சத் தேயிலை கிலோ என்ன விலைக்குப் போகுதுன்னு தெரியுமாடான்னு ஒரு கேள்வி கேட்டதோட சரி. அது கிடக்கட்டும்.

விஷயம் என்னன்னா பின் டயர் ரெண்டும் முடியப் போகுது. நின்னு பாத்தா நல்லாத்தான் தெரியுது, லிஃப்ட்ல தூக்கி உள்பக்கம் பாத்தாதான் பட்டன் தேஞ்சு டி.டபிள்யூ.ஐ. மேட்டுக்குக் (இதுக்கு மேல தேயக் கூடாதுன்னு காட்டற மேடு) கிட்ட வந்துருச்சுன்னு தெரிஞ்சது. சைஸ் முன்னாடி 245/35 ஆர்19, பின்னாடி 265/35 ஆர்19.

மூணு பேரு மூணு விதமா சொல்றாங்க. கடைக்காரர் மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போடுங்க, ட்ரெட்வேர் (எவ்ளோ ஓட்டம் தாங்கும்ங்கற நம்பர்) 300, ஓட்டம் கிரிப் ரெண்டும் கெடைக்கும்ங்கறாரு. கோயமுத்தூர் ஃப்ரெண்டு அதே மிச்செலின்ல ட்ராக்குக்குன்னு வர்ற கப் 2 போடுடா, 180, பசை மாதிரி ஒட்டும்ங்கறான். அமெரிக்காவுல இருக்கற சித்தப்பா பையன் எதுக்குடா இந்த வேலை, 500க்கு மேல நம்பர் போட்ட ஆல் சீசன் ஸ்போர்ட்ஸ் டயர் இருக்கு, டபுள் ஓட்டம் ஓடும்ங்கறான். 500ஐ 180ஆல வகுத்தா கிட்டத்தட்ட மூணு மடங்கு ஓட்டம்னு வருதே, அது நெஜமாவே நம்ம ரோட்லயும் அப்படித்தான் வருமா?

இன்னொண்ணு, மழையில கோத்தகிரி ரோட்ல வளைவு திருப்பறப்ப வண்டி மூக்கு நேரா போகப் பாக்குது, ஸ்டியரிங் ஒடிச்சு ஒரு நொடி கழிச்சுத்தான் திரும்புது. பின் டயர் தேஞ்சதாலதான் இப்படின்னு நெனைக்கறேன், சரிதானே?

செட்டிபாளையம்_லேப்:

ப்ரோ எம்2 வாங்கிட்டு ஓட்டம் பத்தி கேக்கறீங்களே, ஓட்டம் வேணும்னா இன்னோவா வாங்கிருக்கலாம்ல 😄

கப் 2 போடுங்க, வேற பேச்சே வேணாம். கரி மோட்டார் ஸ்பீட்வேல நான் ட்ராக் டேக்கு போறப்ப பாத்துருக்கேன், 2.1 கி.மீ. லேப், ரெண்டாவது லேப்ல டயர் சூடாயிடுச்சுன்னா அப்புறம் பிரேக்கை எவ்ளோ லேட்டா மிதிச்சாலும் நிக்குது, வளைவுல கழுத்து வலிக்குது, சாதா ரோடு டயர் போட்டு வர்ற வண்டி எல்லாம் அதே எடத்துல கத்திக்கிட்டு வெளிய போகுது. எம்2 சி.எஸ்.க்கு கம்பெனியே இந்த டயரைத்தானே குடுத்தாங்க, சும்மாவா குடுத்தாங்க?

ஓட்டம் கம்மிதான், ஒத்துக்கறேன். புதுசுலயே பட்டன் ஆழம் கம்மி, 4எஸ்ல ஏழரை மி.மீ. கிட்ட இருக்கும், இதுல அஞ்சு அஞ்சரைதான், அதனால தேயறதுக்கு ரப்பரே கம்மி. ஆனா அந்த ஃபீல் வேற எதுலயும் வராது.

கல்லட்டி36:

தம்பி ட்ராக் வேற மலை வேற. ட்ராக்ல ஒரே ரோடு, காஞ்ச ரோடு, எதிர்ல யாரும் வரமாட்டான். இங்க ஒரு வளைவு வெயில்ல காஞ்சு கெடக்கும், அடுத்த வளைவு மரத்தடில பாசி புடிச்சு ஈரமா கெடக்கும், அதுக்கு அடுத்ததுல தைல மர எலை கொட்டிக் கெடக்கும், அதுக்கும் அடுத்ததுல காட்டெருமை நிக்கும்.

நான் ஊட்டிலேந்து மசினகுடி பக்கம் ரெகுலரா வண்டி ஓட்டறவன், வண்டி டி.என். 43, நீலகிரி நம்பருங்கறதால கல்லட்டி எறங்க வுடறாங்க, 36 ஹேர்பின்னும் எனக்கு அத்துப்படி. சீசன் நேரத்துல வெளியூர் வண்டிகளப் பாத்துட்டுத்தான் இருக்கேன். போன ஐப்பசி மழைல பர்லியாருக்கு மேல ஒருத்தரு நல்ல விலை ஒசந்த வண்டி, செமி ஸ்லிக் டயர், என்ன கம்பெனின்னு நான் பாக்கல, பட்டன்னு சொல்லிக்க நாலு கோடு இருந்துச்சு அவ்ளோதான். ஊர்ற வேகத்துலதான் வந்தாரு, இருபது இருபத்தஞ்சு இருக்கும், பிரேக் மிதிச்சாரு, வண்டி நின்ன மாதிரியே தெரியல, அப்படியே வழுக்கிப் போயி தடுப்புச் செவுத்துல முட்டுச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. அந்த டயரைக் கையால தொட்டுப் பாத்தேன், ஃப்ரிட்ஜ்ல வெச்ச ரப்பர் கணக்கா சில்லுன்னு இருந்துச்சு. கோயமுத்தூர்லேந்து வந்திருக்காரு ஆனா டயர் சூடே ஏறல.

செட்டிபாளையம்_லேப்:

அண்ணா அது ட்ரைவர் ப்ராப்ளமாவும் இருக்கலாம்ல. மழைல எந்த டயரும் வழுக்கும்.

குன்னூர்_ஈ2:

வழுக்கும்தான், ஆனா ஒரே மாதிரி வழுக்காது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமை இருக்கறவங்க படிங்க.

மொதல்ல அந்த நம்பர். 180, 300, 500 எல்லாம் அமெரிக்காவோட யு.டி.க்யூ.ஜி. ரேட்டிங். டெக்சாஸ்ல சான் ஆஞ்சலோ ஊரைச் சுத்தி 400 மைல் ரோடு ஒண்ணு வெச்சிருக்காங்க, அதுல டெஸ்ட் டயர் போட்ட வண்டியும் கன்ட்ரோல் டயர் போட்ட வண்டியும் வரிசையா சேந்து 7,200 மைல் ஓடும், அதாவது சுமாரா 11,600 கி.மீ. அவ்ளோ தூரத்துல எவ்ளோ தேஞ்சதுன்னு அளந்து மிச்சத்தைக் கணக்குப் போட்டு நீட்டிக்கறாங்க. கன்ட்ரோல் டயருக்கு 100, அதைவிட மூணு மடங்கு தாங்குனா 300. இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, நம்பரை முடிவு பண்றது டயர் கம்பெனியேதான், டெஸ்ட்ல வந்ததை விட கொறச்சும் போட்டுக்கலாம். அங்க எஸ்.சி.சி.ஏ.ங்கற க்ளப் ஆட்டோகிராஸ் போட்டில ஸ்ட்ரீட் கிளாஸுக்கு ட்ரெட்வேர் கொறஞ்சது 200 இருக்கணும்னு ரூல், அதனால போட்டிக்குன்னு செய்யற ஒட்டற டயர் எல்லாத்துலயும் பாருங்க, சொல்லி வெச்ச மாதிரி 200ன்னு இருக்கும், பொட்டென்சா ஆர்.இ.-71ஆர்.எஸ். உட்பட. கப் 2லயே பல சைஸ்ல 180, சில சைஸ்ல 240. அதனால ஒரு கம்பெனிக்குள்ள ரெண்டு டயரை ஒப்பிட்டுப் பாக்க இந்த நம்பர் உதவும், வேற வேற கம்பெனிய வெச்சு வகுத்துப் பாக்கறதுக்கு ஆகாது.

ரெண்டாவது, டெக்சாஸ்ல ஹேர்பின் கெடையாது. நம்ம ரோட்ல டயர் தேயற விதமே வேற. உங்க வண்டில பின்னாடி லிமிடெட் ஸ்லிப் டிஃப்பரென்ஷியல் இருக்கு. ஹேர்பின் திருப்பறப்ப வெளி வீல் அதிக தூரம் போகணும், உள் வீல் கம்மி தூரம், அந்த டிஃப் ஆக்சிலேட்டர் மிதிக்கறப்ப ரெண்டையும் சேத்துப் புடிக்கப் பாக்கும், உள்பக்க டயர் ரோட்ல உரசிக்கிட்டே திரும்பும். 265 அகலம் வேற. மேல ஏறறப்ப வண்டி வெயிட்டு பின்னாடி சாயும், 550 என்.எம். டார்க் முழுசும் ரெண்டே டயர் வழியா எறங்கும். ஒவ்வொரு வளைவுலயும் திருப்பி மிதிச்சு வெளிய வர்ற அந்த ரெண்டு செகண்டுலதான் உங்க பட்டன் போகுது, நேர் ரோட்ல இல்ல. ஆக டெக்சாஸ்ல மூணு மடங்கு ஓடுற டயர் இங்க ஒண்ணரை மடங்கு ஓடுனாலே பெருசு, அதுவும் உங்க வலது கால் எப்படின்னு பொறுத்தது.

கிரிப்புக்கு வருவோம். சைடுல ட்ராக்‌ஷன் ஏஏ, ஏ, பின்னு போட்டிருக்கும் பாருங்க, அது ஈர ரோட்ல நேரா பிரேக் அடிச்சு அளக்கறது மட்டும்தான், வளைவுல எப்படி நிக்கும்ங்கறது அதுல வரவே வராது, தண்ணி மேல மெதக்கறதும் வராது. 300 போட்ட 4எஸ்ஸும் ஏஏதான், 180 போட்ட கப் 2வும் ஏஏதான்.

ரப்பர் ரோட்டைப் புடிக்கறதே அது கல்லுக்குள்ள அமுங்கி அமுங்கி நிமிர்றதாலதான். சூட்டுக்குன்னு செஞ்ச ரப்பர் குளிர்ல வெறச்சுக்கும், அமுங்காது. சாதாரண சம்மர் டயருக்கே 7 டிகிரிக்குக் கீழ போனா கிரிப் இறங்கும்பாங்க, ட்ராக் டயருக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே. டிசம்பர் ஜனவரில விடியக்காலைல நம்ம ஊர் என்ன டிகிரின்னு உங்களுக்கே தெரியும், ஊட்டில புல்லு மேல ஐஸ் நிக்கும். அந்தக் குளிர்ல 20 கி.மீ. வேகத்துல ஹேர்பின் எறங்கறப்ப கப் 2 சூடாகறதுக்கு வழியே இல்ல. காசு குடுத்து வாங்குன கிரிப்பு உபயோகத்துக்கு வராமலே ரப்பர் மட்டும் தேஞ்சுட்டு இருக்கும்.

4எஸ்ல ஒரே டயர்ல ரெண்டு ரப்பர், வெளித்தோள்ல காஞ்ச ரோட்டுக்கு ஒண்ணு, உள்பக்கம் சிலிக்கா கலந்து ஈரத்துக்கு ஒண்ணு. நம்ம மழைக்கு அதுதான் பொருந்தும். ஆல் சீசன் யோசனையும் ஒண்ணும் மோசமில்ல, குளிருக்கு அது 4எஸ்ஸை விட நல்லது, காஞ்ச ரோட்ல கொஞ்சம் மெத்துனு இருக்கும். ஆனா 2020 ஜூன்ல வெளிநாட்டு டயர் இறக்குமதியக் கட்டுப்பாட்டுல கொண்டு வந்ததுலேந்து இந்த மாதிரி சைஸ்ல என்ன கெடைக்குதோ அதுல ஒண்ணைத்தான் நாம எடுக்க முடியுது. சித்தப்பா பையன் சூட்கேஸ்ல போட்டா கொண்டு வருவாரு?

அவ்ளோதான். பதில் கேட்டா: 4எஸ்.

செட்டிபாளையம்_லேப்:

சரிங்க சார் 🙏 ஆனா மே மாசம் மத்தியானம் காஞ்ச ரோட்ல வந்து பாருங்க, அப்பச் சொல்லுங்க.

கல்லட்டி36:

மே மாசம் மத்தியானம் ரோட்ல வண்டி நகர்ந்தா தானே தம்பி. இ-பாஸ் வாங்கிட்டு வந்து பர்லியார்லயே ஃபர்ஸ்ட் கியர்ல நிக்கணும். அப்ப எந்த டயரா இருந்தா என்ன.

மேட்டுப்பாளையம்_வீல்:

நான் டயர் தொழில்ல இருக்கறவன், இதுல நம்ம கடை பேரு எல்லாம் சொல்ல வேணாம். குன்னூர் சார் சொன்னது சரிங்க. ஆனா எல்லாரும் என்ன டயர் போடறதுன்னு பேசறீங்களே தவிர இப்ப இருக்கற டயர் ஏன் இப்படிப் போச்சுன்னு யாரும் கேக்கலீங்க. உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்குன்னா அது டயர் குத்தமில்ல, அலைன்மென்ட்டு. இதே அலைன்மென்ட்ல புது 4எஸ் போட்டாலும் கப் 2 போட்டாலும் அதே உள்பக்கம் அதே மாதிரி போகும், காசுதான் வேற வேற.

பனி சாருக்கு நாலு கேள்விங்க:

நாலு டயர்லயும் பட்டன் ஆழம் உள்பக்கம், நடுவுல, வெளிப்பக்கம்னு தனித்தனியா அளந்து போடுங்க. ஆழமானி எந்தக் கடையிலயும் இருக்கும், இல்லாட்டி ஸ்டேஷனரி கடை ஸ்கேலக் கூட வெச்சுப் பாக்கலாம்.

டி.ஓ.டி. கோடு (டயர் எப்ப செஞ்சதுன்னு காட்டறது) கடைசி நாலு எண், நாலு டயர்லயும். முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள இருக்கும். ஒரு பக்கம் இல்லாட்டி உள்பக்கம் இருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க.

முன்னாடியும் பின்னாடியும் ஒரே மாடல் டயரா? பேரை முழுசாப் படிச்சுச் சொல்லுங்க.

கடைசியா அலைன்மென்ட் பாத்த ஷீட் இருந்தா நம்பரை மட்டும் போடுங்க.

கோத்தகிரி_பனி:

அண்ணா ரொம்ப நன்றி, இன்னைக்கு சாயங்காலம்தான் நேரம் கெடைச்சது. பக்கத்துத் தோட்டத்து லாரி மெக்கானிக் கிட்ட ஆழமானி வாங்கி அளந்தேன்.

பின்னாடி ரெண்டுலயும் உள்பக்கம் 2 மி.மீ. சொச்சம், நடுவுல 4, வெளிப்பக்கம் நாலரை. இடது வலது பெரிய வித்தியாசம் இல்ல.

முன்னாடி ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சீரா 5 மி.மீ., வெளித்தோள் மட்டும் லேசா ரவுண்டா இருக்கு.

கோடு பின்னாடி ரெண்டுலயும் 0921. முன்னாடி ரெண்டுலயும் 3118. பேரு பாத்தப்பதான் தெரிஞ்சது, பின்னாடி பைலட் ஸ்போர்ட் 4எஸ், முன்னாடி பைலட் சூப்பர் ஸ்போர்ட். மிச்செலின்னு பெருசா எழுதிருந்ததால நாலும் ஒண்ணுன்னே ஓட்டிட்டு இருந்தேன்.

அலைன்மென்ட் ஷீட் இல்ல. வண்டி வாங்கறப்ப எல்லாம் பாத்தாச்சு சார்னு வாய்ல சொன்னாங்க.

மேட்டுப்பாளையம்_வீல்:

இதாங்க கதை. 3118ன்னா 2018ஆவது வருஷம் 31ஆவது வாரம். கம்பெனிலேந்து வண்டியோட வந்த டயர். பழைய ஓனர் பின்னாடி ரெண்டை மட்டும் 2021ல மாத்திட்டு முன்னாடி பட்டன் இருக்கேன்னு விட்டிருக்காரு. பட்டன் 5 மி.மீ. இருந்து என்னங்க பிரயோஜனம், ரப்பர் எண்ணெய்ச் சத்தெல்லாம் போயி இறுகிப் போயிருக்கும். முன் டயர் தோள்ல நகத்தை வெச்சு அமுக்கிப் பாருங்க, அப்புறம் பின் டயர்ல அமுக்கிப் பாருங்க. பட்டன் சந்துக்குள்ள மயிர் மாதிரி வெடிப்பு இருக்கான்னும் பாருங்க.

நீங்க மழைல மூக்கு நேரா போகுதுன்னு சொன்னீங்களே, அது பின் டயர் தேஞ்சதால இல்லீங்க. பின் டயர் தேஞ்சா பின்பக்கம்தான் வீசும், மூக்கு தள்ளாது. மூக்கு தள்றது முன் டயர் புடிக்காததால. டயர் அஞ்சாறு வருஷம் தாண்டிட்டா வருஷா வருஷம் பாக்கணும், பத்து வருஷம்னா பட்டன் இருந்தாலும் கழட்டிப் போடணும்பாங்க, அதுவும் ஸ்போர்ட்ஸ் டயர் மிருதுவான ரப்பர், நான் அவ்ளோ நாள் விடவே மாட்டேன். நம்ம ஊர்ல இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்க ஷெட்ல நிறுத்தி நிறுத்தி எடுக்கறாங்க, ஓட்டம் கம்மி, பட்டன் தேயறதுக்கு முன்னாடி வயசாயிடுது. ஓட்டமா கிரிப்பான்னு கேட்டீங்க, உங்க முன் டயருக்கு ரெண்டும் இல்ல.

குன்னூர்_ஈ2:

சூப்பருங்க. நான் இவ்ளோ எழுதுனதுல இந்த நாலு எண்ணைக் கேக்கணும்னு தோணல பாருங்க.

பின்னாடி உள்பக்கம் தேஞ்சதுக்கு ஒண்ணு சேத்துக்கறேன். இந்த மாதிரி வண்டிக்கு கம்பெனியே கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் (வீலோட மேல்பக்கம் உள்ள சாஞ்சிருக்கறது) குடுத்திருக்கும், வளைவுல டயர் முழுசாப் படியணும்னு. கேம்பர் மட்டும்னா உள்பக்கம் கொஞ்சம் சீக்கிரம் தேயும், இவ்ளோ வித்தியாசம் வராது. அதோட டோ (மேலேந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற கோணம்) தப்பா இருந்தா டயர் லேசா சாஞ்ச வாக்குல இழுத்துக்கிட்டே ஓடும், ஒரு கி.மீ.க்கு இவ்ளோன்னு உள்ஓரத்தை மட்டும் ராவிக்கிட்டே போகும். கோத்தகிரி ரோட்ல மழை முடிஞ்சதும் ஓரம் உடைஞ்ச பள்ளத்துல ஒரு தடவை நல்லா விழுந்தாப் போதும், டோ மாறிடும். பின் வீல்லயும் டோ அட்ஜஸ்ட் பண்ண இருக்கு, ஆனா பல கடைல முன் வீலை மட்டும் சரி பண்ணிட்டு ஷீட்டக் கையில குடுத்துருவாங்க. பின் வீல் நம்பர் மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் ஒண்ணுன்னு ரெண்டையும் பிரிண்ட் எடுத்துக் குடுங்கன்னு கேட்டு வாங்குங்க.

இடது வலது மாத்திப் போட்டா சரியாகுமான்னு அடுத்து கேப்பீங்க, ஆகாது. வீலோட சேத்து மாத்துனா உள்பக்கம் உள்பக்கமாவேதான் இருக்கும். ரிம்லேந்து கழட்டித் திருப்பிப் போடவும் கூடாது, 4எஸ்ல சைடுல அவுட்சைடுன்னு எழுதியே இருக்கும், ஈரத்துக்குன்னு வெச்ச ரப்பர் வெளிய போயிடும். முன்னாடி பின்னாடி சைஸ் வேறங்கறதால அதுவும் முடியாது.

கோத்தகிரி_பனி:

நகத்தை வெச்சுப் பாத்தேன் அண்ணா. பின் டயர்ல தடம் விழுது, முன் டயர்ல பென்சில் டப்பாவ அமுக்கற மாதிரி இருக்கு. வெடிப்பும் இருக்கு, ரொம்ப மெல்லிசா, டார்ச் அடிச்சாத்தான் தெரியுது.

இப்ப பட்ஜெட் ப்ராப்ளம். நாலும் சேத்து மாத்துனா அப்பாகிட்ட பில்லை எங்க ஒளிச்சு வெக்கறதுன்னு தெரியல. முன்னாடி ரெண்டை இப்ப மாத்திட்டு பின்னாடி ரெண்டை 1.6 மி.மீ. சட்டத்துல இருக்கே, அது வரைக்கும் ஓட்டிட்டு அடுத்த சீசனுக்கு முன்னாடி மாத்தலாமா?

கல்லட்டி36:

வேணாம் தம்பி. மூக்கு நல்லாப் புடிச்சு பின்னாடி புடிக்காம இருந்தா இப்ப இருக்கறதை விட மோசம். இப்பவாவது நேரா போகுது, நீ ஆக்சிலேட்டர விட்டா திரும்பிருது. பின்னாடி சுத்துனா மலைல எங்க போயி நிக்கும்னு சொல்ல முடியாது.

மேட்டுப்பாளையம்_வீல்:

அண்ணன் சொல்றது சரிங்க. புது டயர் ரெண்டுதான் வாங்க முடியும்னா எப்பவும் பின்னாடிதான் போடணும்னு சொல்றது அதுக்குத்தான். உங்களுக்கு சைஸ் வேற, மாத்திப் போடவும் வழியில்ல. அதனால ரெண்டு மட்டும்னா எந்த ரெண்டு மாத்துனாலும் தப்பாத்தான் முடியும்.

1.6ங்கறது சட்டத்துக்குத் தப்பிக்கற அளவு, மழைக்குத் தப்பிக்கற அளவு இல்லீங்க. நான் ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு 3 மி.மீ. வந்தாலே மாத்தச் சொல்லுவேன். மலைல மெதுவாப் போறீங்க, தண்ணி மேல மெதக்காது. ஆனா கீழ எறங்கி மேட்டுப்பாளையம் தாண்டி காரமடை ரோட்ல மழைல 80, 90 போவீங்கல்ல, 265 அகலத்துல உள்பக்கம் 2 மி.மீ., தண்ணியத் தள்ள எடம் எங்க இருக்கு? மலைய விட உங்களுக்கு ஆபத்து அங்கதான்.

செட்டிபாளையம்_லேப்:

நாலும் 4எஸ் போடுங்க ப்ரோ. நான் சொல்றேன் பாருங்க, நானே சொல்றேன் 😄 ட்ராக்குக்கு வந்தீங்கன்னா தனியா ஒரு செட் ரிம்ல கப் 2 வெச்சுக்கலாம், அத அங்கயே மாட்டிட்டு அங்கயே கழட்டலாம்.

ஒரு டவுட்டு, காத்து எவ்ளோ வெக்கறது? கீழ வெச்சா மேல போனதும் கூடிடும்ங்கறாங்க, ஒருத்தர் குளிர்ல கொறஞ்சிடும்ங்கறாரு. எது சரி?

குன்னூர்_ஈ2:

ரெண்டும் சரி, அதனாலதான் பெருசா ஒண்ணும் ஆகறதில்ல.

கணக்கு போட்டே காட்டறேன். மேட்டுப்பாளையத்துல மத்தியானம் 34 டிகிரில 34 பி.எஸ்.ஐ. வெக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. அங்க வெளிக்காத்து அழுத்தம் 14 பி.எஸ்.ஐ. சொச்சம், ஆக டயருக்குள்ள மொத்தம் 48. ஊட்டிக்குப் போயி ராத்திரி நிறுத்தி விடியக்காலைல 10 டிகிரில பாத்தா அந்த 48 குளிர்ல சுருங்கி 44 கிட்ட வந்துரும். ஆனா 2,240 மீட்டர் ஒசரத்துல வெளிக்காத்து அழுத்தமும் கொறஞ்சு 11 சொச்சம்தான். காத்து மீட்டர் வெளியவும் உள்ளவும் இருக்கற வித்தியாசத்தைத்தான் காட்டும், ஆக 33 காட்டும். குளிர் மூணு நாலு எடுக்குது, ஒசரம் மூணு குடுக்குது. அதனால மேல போயி காத்தைத் தொறந்து விட வேண்டியதில்ல. எங்க ராத்திரி நிக்குதோ அங்க காலைல குளிர்ந்த டயர்ல கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல இருக்கறதை வெச்சுக்கோங்க, அவ்ளோதான். எறங்கி வந்த உடனே மட்டும் பாக்காதீங்க, பிரேக் சூடு ரிம்ல ஏறி மீட்டர் கூடக் காட்டும், அதை நம்பி காத்தை எறக்குனா காலைல கம்மியா இருக்கும்.

கோத்தகிரி_பனி:

நாலும் 4எஸ் சொல்லிட்டேன், பின் சைஸ் வர பத்து பதினஞ்சு நாள் ஆகும்னாங்க. அது வரைக்கும் மழை நாள்ல பஸ்ல போறேன், கோத்தகிரி – மேட்டுப்பாளையம் பஸ்ல ஜன்னல் சீட் கெடைச்சா அதுவும் நல்லாத்தான் இருக்கு.

டயர் வந்ததும் கோடு பாத்துட்டுத்தான் மாட்டச் சொல்லுவேன். எவ்ளோ பழசு வரைக்கும் வாங்கிக்கலாம் அண்ணா?

மேட்டுப்பாளையம்_வீல்:

உங்க சைஸ் அதிகம் ஓடாத சைஸுங்க, போன மாசம் செஞ்சதுதான் வேணும்னா கெடைக்காது. ஒரு வருஷத்துக்குள்ளன்னா கண்ண மூடிட்டு வாங்குங்க, ஒண்ணரை வருஷம் வரைக்கும் குடோன்ல நெழல்ல இருந்ததுன்னா பரவாயில்ல. நாலுலயும் ஒரே டயர்தானா, பேரும் பி.எம்.டபிள்யூ ஸ்டார் குறியும் (அந்த வண்டிக்குன்னு செஞ்ச டயர்னு சைடுல இருக்கற நட்சத்திரம்) ஒத்து வருதான்னு பாத்துக்கோங்க, ரெண்டுல ஸ்டார் ரெண்டுல இல்லாம மாட்டிறாதீங்க. மாட்டுனதும் வால்வும் புதுசு போடச் சொல்லுங்க, ப்ரெஷர் சென்சாருக்கு அடி படாமப் பாத்துக்கச் சொல்லுங்க. அலைன்மென்ட் அதே நாள்ல. உங்க வண்டில ஸ்டெப்னி கெடையாது, 35 சைடுவால் வேற, ஒசரம் கம்மி, பள்ளத்துல சைடு வெட்டுனா பஞ்சர் கிட்டால ஒண்ணும் பண்ண முடியாது, அதனால பழைய பின் டயர் ரெண்டுல எது பரவாயில்லையோ அதைத் தூக்கிப் போடாம ஷெட்ல வெச்சுக்கோங்க, அவசரத்துக்கு மெதுவா ஓட்டிக் கடைக்கு வர உதவும். முன் டயர் ரெண்டையும் கடையிலயே விட்டுருங்க, பட்டன் இருக்கேன்னு யாராச்சும் வாங்கி மாட்டிக்காத மாதிரி சைடுல ஒரு வெட்டு வெட்டச் சொல்லிட்டு விடுங்க.